டீசலுக்குக் கணக்கு உண்டு, ஓட்டுநரின் ரத்தத்துக்கு இல்லை

அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் ஒரு கணக்கு தவறாமல் எழுதப்படுகிறது. எந்த ஓட்டுநர் ஒரு லிட்டர் டீசலில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்ற கணக்கு. கே.எம்.பி.எல். என்று அதைச் சொல்வார்கள். குறைந்தால் கிளை மேலாளர் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம் வரை அது துல்லியமாக இருக்கும். அதே ஓட்டுநரின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு? அதற்கு அன்றாடப் பதிவேடு கிடையாது. அதைக் கேட்டு யாரும் கூப்பிட்டு அனுப்புவதில்லை.

எது முக்கியம் என்று நினைக்கிறார்களோ அதைத்தான் அளக்கிறார்கள். டீசல் வீணாவது நிர்வாகத்துக்கு வலிக்கிறது. ஓட்டுநர் வீணாவது வலிக்கவில்லை.

ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப ஒரு செய்தி வருகிறது. ஓடும் பேருந்தில் ஓட்டுநருக்கு நெஞ்சுவலி. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். பயணிகள் பிழைத்தார்கள். அவர் ஸ்டீயரிங் மேல் சாய்ந்தபடியே இறந்தார். மறுநாள் மாலை, மரியாதை, இரங்கல் அறிக்கை, நிதி அறிவிப்பு. அந்த மனிதரின் கடமை உணர்வை நாமும் வணங்குகிறோம். ஆனால் அவர் கையில் ரத்த அழுத்தக் கருவியைக் கடைசியாக எப்போது சுற்றினார்கள் என்று எந்த இரங்கல் அறிக்கையும் சொல்வதில்லை. அவரை வேலைக்கு வைத்திருந்தவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே அடுத்த ஓட்டுநரை அதே இருக்கையில் உட்கார வைக்கிறார்கள்.

இத்தகைய மாரடைப்புக்கு முன்னோடியான வளர்சிதை மாற்றக் கோளாறைக் கண்டுபிடிக்க மருத்துவம் ஐந்து அளவுகளைப் பார்க்கிறது. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு, நல்ல கொழுப்பு. நம் நாட்டு ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அழுத்தம் 130/85-ஐத் தொடக் கூடாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐத் தொடக் கூடாது. ஐந்தில் மூன்று கெட்டிருந்தால் சர்க்கரை நோயும் மாரடைப்பும் அந்த உடலை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். இதைக் கண்டறிய ஓர் அளவு நாடா, ஓர் அழுத்தக் கருவி, ஒரு சிறு குப்பி ரத்தம் போதும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய வேலை. அதைக்கூடச் செய்யவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023 ஜூனில் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம். ஏழு பேரில் ஒருவர். ஆய்வை முன்னின்று நடத்தியது சென்னை நிறுவனம். கோட்டைக்கு அது தெரியாமல் போக வழியில்லை. இது எல்லோருக்கும் பொதுவான கணக்கு. வயலில் குனிந்து நிமிர்பவரும் இதில் அடக்கம். நாளெல்லாம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, ராத்திரி விழித்து, கிடைத்த நேரத்தில் கிடைத்ததைத் தின்பவரின் நிலை இந்தச் சராசரியைவிட நன்றாக இருக்கும் என்று எந்த அதிகாரியாவது நம்புகிறாரா?

தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. உலகத்துக்கு இது தெரிந்து 70 ஆண்டுகள் தாண்டிவிட்டன. லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் அந்நகரப் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31 ஆயிரம் பேரின் இதய நோய்க் கணக்கை எடுத்தார். 1953-ல் லான்செட் இதழில் வெளியிட்டார். ஒரே ஊர், ஒரே நிர்வாகம், ஒரே இரட்டை மாடிப் பேருந்து. ஓட்டுநர் உட்கார்ந்தே இருந்தார். நடத்துநர் நாள் முழுவதும் படியேறி இறங்கினார். இதய நோயும் அதனால் வந்த திடீர்ச் சாவும் ஓட்டுநர்களிடம்தான் அதிகம். 1956-ல் அவரே சீருடை அளவுகளைப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை ஆளைக் கொல்லும் என்று மருத்துவ உலகம் முதன்முதலில் தெளிவாகக் கற்றுக்கொண்டது ஒரு பேருந்து ஓட்டுநரின் உடலைப் பார்த்துத்தான். பேருந்து நடத்துவதையே தொழிலாகக் கொண்ட நிர்வாகம் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

வேலை எப்படி நோயாகிறது என்பதை அறைக்குள் உட்கார்ந்து யோசிக்கத் தேவையில்லை. சித்திரை வெயிலில் ஒரு பழைய நகரப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றால் போதும். இன்ஜின் பானெட்டின் சூடு இடது தொடையில் ஏறும். முதுகுச் சட்டை இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். தாகம் எடுக்கும். தண்ணீர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். ஆனால் குடிக்க மாட்டார். குடித்தால் சிறுநீர் வரும். பேருந்து நிலையத்துக் கழிப்பறை அந்தக் கோடியில் இருக்கும், உள்ளே கால் வைக்க முடியாது. டைம் கீப்பர் கொடுப்பது ஐந்து நிமிடம். அதற்குள் அடுத்த சிங்கிள், அதாவது அடுத்த நடை, கிளம்ப வேண்டும்.

சர்க்கரை ஏறியவருக்குத் தாகமும் அதிகம், சிறுநீரும் அதிகம். அவர் தாகத்தை அடக்குகிறார். அழுத்தத்துக்குத் தரும் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும். அதனால் டியூட்டி நாளில் அந்த மாத்திரையைப் போடாமல் விடுகிறார். சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருக்கும். ஓய்வு நாளுக்குரிய குழி மட்டும் காலியாக இருக்கும். மருத்துவர் கேட்டால் ஒழுங்காகப் போடுகிறேன் என்பார். நோயாளியின் அலட்சியம் என்று இதற்குப் பெயர் வைப்பது அநியாயம். கழிப்பறை கட்டாதவரின் அலட்சியம் இது.

இனி சாப்பாடு. விரைவுப் பேருந்துகள் நள்ளிரவில் நிற்கும் சாலையோர உணவகங்களைக் கழகமே ஒப்பந்தம் போட்டுத் தேர்வு செய்கிறது. ஒவ்வொரு பேருந்துக்கும் இவ்வளவு என்று உணவகம் கழகத்துக்குப் பணம் கட்டுகிறது. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சாப்பாடு இலவசம். ஒதுக்குப்புறத்தில் அவர்களுக்கென்று ஒரு மேசை. இரவு ஒன்றரை மணிக்கு அந்த மேசையில் என்ன வைக்கிறார்கள்? பரோட்டா, எண்ணெய் மிதக்கும் சால்னா, ஆம்லெட், முடிவில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. உடல் உறங்க வேண்டிய வேளையில் உள்ளே போகும் மைதாவின் சர்க்கரையை ரத்தத்திலிருந்து இறக்குவது உடலுக்குக் கடினம். சாப்பிட்ட பத்தாவது நிமிடம் அவர் மறுபடி இருக்கையில். அங்கிருந்து விடியும் வரை அசைவு இல்லை. தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதல் விலை வைக்கிறார்கள் என்று பயணிகள் புகார் செய்தால் அந்த உணவகங்களில் ஆய்வு நடக்கிறது, ஒப்பந்தம் ரத்தாகிறது. ஓட்டுநர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு நாளும் ஆய்வு வரவில்லை. ஒப்பந்தப் பணம் கழகத்துக்கு. சர்க்கரை ஓட்டுநருக்கு.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொடர்ந்து தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. பசி கூடும். எடை ஏறும். எடை ஏறினால் உறக்கத்தில் மூச்சு தடைபடும். மூச்சு தடைபட்டுத் தூங்கியவர் எட்டு மணி நேரம் படுத்தாலும் களைப்போடுதான் எழுவார். அந்தக் களைப்பு அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் நெடுஞ்சாலையில் கண்ணைச் செருகும். விபத்து நடந்த பின் முதல் தகவல் அறிக்கையில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதுவார்கள். வழக்கு அவர் மேல். பணி நீக்கம் அவருக்கு. அவரைத் தூங்க விடாமல் அடுத்த டியூட்டிக்கு ஏற்றியவரின் பெயர் அந்த அறிக்கையில் இருக்காது.

பயணிகளும் கேட்டுக்கொள்ளட்டும். இது ஓட்டுநரின் சொந்தப் பிரச்சினை என்று யாரும் ஒதுங்க முடியாது. நாள்பட்ட சர்க்கரை கால் நரம்பைக் கெடுக்கும். பாதத்தில் உணர்ச்சி குறையும். அந்தப் பாதம்தான் பிரேக் மேல் இருக்கிறது. சர்க்கரை விழித்திரையைக் கெடுக்கும். அந்தக் கண்தான் இரவில் எதிர்வண்டியின் வெளிச்சத்துக்குள் சாலையைத் தேடுகிறது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் தவறினால் சர்க்கரை சட்டென்று விழும். கை நடுங்கும், வியர்க்கும், பார்வை மங்கும், நினைவு தப்பும். நரம்பு கெட்டவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். ஓரங்கட்ட அவகாசம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பின்னால் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சட்டம் இல்லையா? இருந்தது. 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. நெடுந்தூரத் தடங்களுக்கும் திருவிழா நாட்களுக்கும் அனுமதி பெற்றுப் பத்து மணி நேரம், 54 மணி நேரம். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையில் தொடர்ச்சியாக ஒன்பது மணி நேரம். நூறு பேர் வேலைக்கு வரும் இடத்தில் உணவகம். ஓய்வறை. மருத்துவ வசதி. எல்லாம் எழுத்தில் இருந்தது. ஓட்டுநர்களிடம் கேட்டால் டபுள் டியூட்டி என்ற சொல்தான் முதலில் வருகிறது. ஆள் பற்றாக்குறை என்பது நிர்வாகத்தின் பதில். ஆளை எடுக்க வேண்டியது யார்? நிர்வாகம். தன் தவறையே காரணமாகக் காட்டித் தன் தவறை நியாயப்படுத்துகிறார்கள்.

அந்தச் சட்டத்தை 2020-ல் நாடாளுமன்றம் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்துக்குள் கொண்டுபோனது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. அதிலும் எட்டு மணி நேரம் எட்டு மணி நேரமாகத்தான் இருக்கிறது. அதில் இன்னொன்றும் இருக்கிறது. தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை தருவது முதலாளியின் கடமை. எந்த வயதினருக்கு, எந்தத் தொழிலாளருக்கு என்று விதி எழுதும் அதிகாரம் அரசின் கையில். அப்படியானால் தடை எதுவும் இல்லை. தொழில்முறை ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே, என்று ஒரு வரி எழுத வேண்டும். தமிழக அரசு அந்த வரியை எழுதட்டும்.

இங்கே ஒரு கொடுமையான வசதி இருக்கிறது. எட்டுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் அரசே முதலாளி. வேலை நேரத்தை ஆய்வு செய்யும் தொழிலாளர் துறையும் அரசுதான். உரிமம் கொடுப்பதும் அரசுதான். நோயான பின் மருத்துவம் பார்ப்பதும் அரசு மருத்துவமனைதான். நான்கு கதவும் ஒரே வீட்டில். இருந்தும் ஒரு துறை தட்டினால் அடுத்த துறைக்குக் கேட்பதில்லை.

2020-ல் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள். 2021-ல் 60 ஆக்கினார்கள். ஓய்வுக்காலப் பணப்பலனை உடனே கொடுக்க வேண்டாம் என்ற நிம்மதி கஜானாவுக்கு. கோப்பைக் கையாள்பவருக்கும் கியரைக் கையாள்பவருக்கும் ஒரே அரசாணை. ஐம்பத்தெட்டு வயதைத் தாண்டிய ஒரு மனிதரைக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் கனரக வாகனம் ஓட்டச் சொல்லும்போது, அவர் இதயத்தை ஒரு முறை கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வயது வரம்பு உயர்ந்தது. பரிசோதனை உயரவில்லை.

லாரிக்காரர்களின் நிலை இதைவிட மோசம். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் கிளம்பும் வண்டி வடக்கே போய்த் திரும்ப வாரக்கணக்காகும். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியில் இருந்தது. 2018-ல் இரண்டாவது ஓட்டுநரை விதியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். உரிமையாளர்களுக்குச் செலவு மிச்சம். கிளீனரும் முன்பே காணாமல் போய்விட்டார். இப்போது ஒற்றை ஆள். ஓட்டுவதும் அவர், தார்ப்பாய் கட்டுவதும் அவர், சோதனைச் சாவடியில் நிற்பதும் அவர், வண்டியைக் காவல் காப்பதும் அவர். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று ஒன்றிய அமைச்சகம் ஆணையிட்டது. வரவேற்கிறோம். குளிர்ந்த கேபினில் பதினாறு மணி நேரம் ஓட்டினாலும் அது பதினாறு மணி நேரம்தான். ஓட்டும் நேரத்துக்கு விமானிகளுக்கு இருப்பதுபோல் வரம்பு வேண்டும் என்று 2021-ல் பேசியவர் ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி. பேச்சு அவருடையது. இரண்டாவது ஓட்டுநரை நீக்கிய துறையும் அவருடையது. நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளியின்றி ஓட்டக் கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1979-ஆம் ஆண்டு உடன்படிக்கை. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

செயலி வழியாக டாக்ஸி ஓட்டுபவருக்கு முதலாளி யார் என்பதே தெரியாது. 2020-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறி அவருக்கு ஒரு நாளில் 12 மணி நேரம் வரை அனுமதித்தது. பாதுகாப்பு என்ற பெயரில் எழுதப்பட்ட வரம்பே அதுதான்.

உரிமத்துக்கு வருவோம். கனரக வாகன உரிமம் வாங்கவும் புதுப்பிக்கவும் படிவம் 1-ஏ வேண்டும். மருத்துவர் கையெழுத்திட வேண்டிய சான்று. அதில் பார்வை உண்டு. நிறக்குருடு இருக்கிறதா என்று உண்டு. 25 மீட்டரில் நம்பர் பிளேட்டைப் படிக்கிறாரா என்று உண்டு. காது, கை கால், மாலைக்கண் எல்லாம் உண்டு. விரும்பினால் ரத்தப் பிரிவையும் எழுதலாம். அந்த ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்ற கேள்வி மட்டும் இல்லை. ஆளைப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் போலிச் சான்றுகளை ஒழிக்கப்போகிறோம் என்று அடிக்கடி சொல்கிறார்கள். ஒழிக்கட்டும். அதன் பிறகு கிடைக்கும் உண்மையான சான்றும் சர்க்கரையைக் கண்டுபிடிக்காது. 2019 திருத்தத்தில் போக்குவரத்து வாகன உரிமத்தின் ஆயுளை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டினார்கள். ஆகவே அந்தக் குறைப் பரிசோதனையும் இப்போது ஐந்தாண்டுக்கு ஒரு முறைதான். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் லாரி ஓட்டுபவர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவர் முன் நிற்க வேண்டும். அழுத்தம் பார்க்கிறார்கள். சிறுநீரில் சர்க்கரை பார்க்கிறார்கள். அங்கே செய்ய முடிவது இங்கே ஏன் முடியவில்லை?

பரிசோதனை வைத்தாலும் ஓட்டுநர்கள் வரமாட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஏன் வரமாட்டார்கள் என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும். சர்க்கரை இருப்பது தெரிந்தால் வண்டி கிடைக்காது. வண்டி இல்லையென்றால் பேட்டா இல்லை. இலகுப் பணி கேட்டு எழுதிக்கொடுத்தால் மாதக்கணக்கில் கோப்பு நகராது. அதுவரை இருக்கிற விடுப்பெல்லாம் கரையும், பிறகு சம்பளம் கரையும். தனியார் வண்டி என்றால் இரண்டு வார்த்தைதான், நாளையிலிருந்து வரவேண்டாம். கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் தோளில் இருக்கும் ஒருவர் நோயை மறைப்பது இயல்பு. மறைத்தே தீர வேண்டிய நிலையை உருவாக்கியவர்களே குற்றவாளிகள்.

பணிக்காலத்தில் உடல் திறனை இழந்த அரசு ஊழியரைப் பணியிலிருந்து நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 20-ஆவது பிரிவில் சொல்கிறது. 1995 சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. சர்க்கரையால் காலை இழந்தவருக்கும் பார்வையை இழந்தவருக்கும் இது உரிமை. அந்த உரிமையைப் பெற உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. வழக்குக்கு வழக்கு கழகங்கள் எதிர்த்து நிற்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலை இழந்த பிறகுதான் இந்தச் சட்டம் காப்பாற்றும். காலை இழக்காமல் இருக்க எந்த ஏற்பாடும் இல்லை.

பெருந்துறையை மறந்துவிட்டார்களா? போக்குவரத்துத் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து பிடித்த பணம் சேர்ந்துதான் அங்கே சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் மருத்துவக் கல்லூரி 1992-ல் எழுந்தது. சீருடைத் தொழிலாளி தன் கூலியில் மருத்துவக் கல்லூரி கட்டிய வரலாறு வேறு எந்தத் துறைக்கு உண்டு? இன்று அது ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி. பெயர் மாறியது, நிர்வாகம் மாறியது. கட்டியவருக்கு ஆண்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை என்ற நன்றிக்கடன்கூட இல்லை.

வீடு தேடிப் போய்ச் சர்க்கரை பார்க்கும் திட்டம் இந்த மாநிலத்தில் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது வாங்கியது. பெருமைதான். ஆனால் சுகாதாரத் தன்னார்வலர் கதவைத் தட்டும் நேரத்தில் ஓட்டுநர் வீட்டில் இல்லை. அவர் விழுப்புரத்தில் இருக்கிறார், அல்லது நாக்பூரில். இரவு வேலை முடித்து வந்திருந்தால் தூங்கிக்கொண்டிருக்கிறார். தேடிப்போகும் திட்டம் தேட வேண்டிய இடம் பணிமனை. 300-க்கும் மேற்பட்ட பணிமனைகள் அரசுக்குச் சொந்தமாக இருக்கின்றன. ஒவ்வொரு ஓட்டுநரும் வண்டி எடுக்க அங்கே வந்தே ஆக வேண்டும். இதைவிட எளிதாக எந்தத் தொழிலாளரையும் கண்டுபிடிக்க முடியாது. எப்போதாவது ஒரு முகாம், வாசலில் பந்தல், புகைப்படம், அத்துடன் முடிந்தது. அது கண்துடைப்பு.

ஆகவே கேட்கிறோம். கேட்கிறோம் என்பதைவிட, இதைச் செய்தே தீர வேண்டும் என்கிறோம்.

ஒவ்வொரு பணிமனையிலும் செவிலியர் ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழுத்தம், சர்க்கரை. ஆண்டுக்கு ஒரு முறை கொழுப்பு, சிறுநீரகம், விழித்திரை, பாத உணர்ச்சி, இதயத் துடிப்புப் பதிவு. செலவு கழகத்துடையது. பரிசோதனை நடக்கும் நேரம் டியூட்டி நேரமாகக் கணக்கில் வர வேண்டும். இதற்கு ஒவ்வொரு கழகத்தின் மேலாண் இயக்குநரும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும்.

பரிசோதனையில் குறை தெரிந்தவருக்கு ஒரு நாள் சம்பளமும் ஒரு நாள் பேட்டாவும் குறையக் கூடாது. இதை அரசாணையாக வெளியிட வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. அந்த ஆணை வராமல் பரிசோதனை மட்டும் வந்தால் அது ஆள்குறைப்புக்குப் போட்ட வலையாகத்தான் முடியும். தொழிற்சங்கங்களும் இதில் வாய் மூடியிருக்கக் கூடாது. ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் சதவீதத்துக்குக் காட்டும் பிடிவாதத்தை உறுப்பினரின் உயிருக்கும் காட்ட வேண்டும்.

உணவக ஒப்பந்தத்தில் ஓட்டுநரின் இரவு உணவு ஒரு நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். இட்லி, காய்கறி, சுண்டல், மோர் வைப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். முனைய நிறுத்தங்களில் ஓட்டுநர், நடத்துநருக்கெனத் தனிக் கழிப்பறை வேண்டும். அதற்குப் போய்வர நேர அட்டவணையில் நிமிடம் வேண்டும். நேரத்தை ஒதுக்காமல் கழிப்பறையை மட்டும் கட்டுவதில் பயன் இல்லை.

ஒன்றிய அரசு படிவம் 1-ஏ-வைத் திருத்த வேண்டும். சர்க்கரை, அழுத்தம் இரண்டும் அதில் ஏற வேண்டும். இரண்டாவது ஓட்டுநர் விதியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். லாரி உரிமையாளர்கள் எதிர்ப்பார்கள். எதிர்க்கட்டும். சரக்குக் கட்டணத்தில் ஓர் ஓட்டுநரின் உறக்கத்துக்கும் விலை இருக்கிறது என்பதை அவர்களும் சரக்கு அனுப்புபவர்களும் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. போக்குவரத்துத் துறை அமைச்சருக்கு. பணிக்காலத்தில் இறந்த ஊழியர்களின் வாரிசுகளுக்குக் கருணை அடிப்படையில் பணி ஆணை வழங்கும் விழாக்களை அவ்வப்போது நடத்துகிறீர்கள். மேடையில் நின்று ஆணை வாங்குபவர்கள் இருபது, முப்பது வயதுப் பிள்ளைகள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. கோப்பில் தந்தையின் இறப்புச் சான்று இருக்கிறது. எந்த வயதில் இறந்தார், எத்தனை ஆண்டு ஓட்டினார் என்பது உங்கள் அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கும் தகவல். எந்த நோயில் இறந்தார் என்பதைக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கடந்த பத்து ஆண்டுகளில் எட்டுக் கழகங்களிலும் பணியில் இருக்கும்போதே இறந்த ஓட்டுநர்கள் எத்தனை பேர், அவர்களில் மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றால் இறந்தவர்கள் எத்தனை பேர், ஐம்பது வயதுக்குள் இறந்தவர்கள் எத்தனை பேர்? கோப்புகளைத் திறந்து எண்ணுங்கள். அடுத்த மானியக் கோரிக்கையில் அந்த எண்ணைச் சட்டமன்றத்தில் படியுங்கள்.